கணக்குக் கொப்பி

நான் பாடினவனில்லை. ஒரு தந்தியும் தொட்டதில்லை.
நீலச் சுறாக்களின் கணக்குப்பிள்ளை.
வான் சாவியும் இந்தக் கொப்பியும் என்னிடம்.

எழுபத்திரண்டு, குருநகர், ஐஸ் பக்டரிக்குப் பின்னால்
சூசைதாசன் மீன்பெட்டிப் பலகையில் ஸ்பீக்கர் அடித்தான்.
எத்தனை தரம் வார்னிஷ் பூசியும்
பேஸ் அதிரும்போதெல்லாம்
பாரை மணந்தது.

பெஞ்சமின் லீட் கிற்றார், எமிலியானுஸ் பேஸ்.
றம்ஸ் சம்பந்தன், வண்ணார்பண்ணைப் பெடியன்,
மிருதங்க வகுப்பென்று வீட்டில் சொல்லிவிட்டு
ஏழு வருடம் எங்களோடு ஊர் சுற்றினான்.
பாடினவள் ஜெசிந்தா. தந்திக் கந்தோரில் வேலை.
பகலெல்லாம் பிறத்தியாரின் சாவுச் செய்தியை
சொல்லுக்கு இவ்வளவென்று எண்ணி அனுப்புவாள்.
இரவில் எண்ணமாட்டாள்.

கொப்பியில் இருக்கிறது:
மன்னார், பெருநாள். நூற்றைம்பது ரூபா, ஒரு சாக்குக் கருவாடு.
பதுளை, லயத்துக்கு முன்னால், மழை. காசில்லை. தேத்தண்ணி.
நீர்கொழும்பு. சிங்களத்தில் ஒரு பைலா கேட்டார்கள், கொடுத்தோம்,
விடியுமட்டும் கேட்டார்கள்.
மட்டக்களப்பு, இரண்டு இரவு. எமிலியானுஸைத் தேடியதில்
வான் மூன்று மணித்தியாலம் பிந்தியது.

ஆனையிறவில் டயர் வெடித்த இரவுக்குத் தொகை இல்லை.
ஜக்கை மன்னாரிலேயே விட்டிருந்தோம்.
இரண்டு பக்கமும் உப்பு, குவித்த உப்பு,
லொறி ஒன்றும் வரவில்லை.
சம்பந்தன் வெடித்த டயரில் விரலால் தட்டத் தொடங்கினான்.
ஜக்கோடு ஒரு லொறி வந்தபோது
‘உப்பளத்து நிலா’ முடிந்திருந்தது.
நிலா அன்றைக்கு இருக்கவேயில்லை.

எண்பத்திமூன்று, ஆடி.
“கப்பலில் காங்கேசன்துறை. என்னோடு ஐந்து பேர். பெட்டிகள் இல்லை.”
போனது ஆறு.
குறைந்த ஒன்றை எந்தப் பக்கம் எழுதுவது,
வரவிலா செலவிலா,
இன்றுவரை தெரியவில்லை.

மிஞ்சியது ஒரு கசெற்.
அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து நூறு.

பிறகு கரண்ட் இல்லாத வருடங்கள். பற்றறிக்கும் தடை.
சனம் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
டைனமோ வயரை றெக்கோடரில் கொழுவி
பெடலைக் கையால் சுற்றியது.
கை உளைந்தால் ஜெசிந்தா ஆம்பிளைக் குரலாவாள்.
இரண்டாம் சரணத்தில் எப்போதும் உளையும்.
அடுத்த ஆள் பெடலைப் பிடிக்குமட்டும்
பாட்டு பள்ளத்தில் இறங்கி, கிடந்து,
ஒரு முக்கலோடு மேலே ஏறும்.
இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டபோதும்
யாரோ ஒருவன் அதை முணுமுணுத்தான்,
அதே பள்ளத்தோடு.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. முத்தவெளியில் மேடை.
பெஞ்சமின் பாரிசிலிருந்து, ஜெசிந்தா ஸ்காபறோவிலிருந்து,
எமிலியானுஸ் மட்டக்களப்பிலிருந்து, பேரப்பிள்ளைகளோடு.
சூசைதாசன் குருநகரிலிருந்து நடந்து.
றம்ஸுக்குக் கொழும்புத்துறைப் பெடியன் கஜரூபன்.
சம்பந்தன் போய் எட்டு வருடத்துக்குப் பிறகு பிறந்தவன்.

இரண்டாம் சரணம்.
கஜரூபன் தாளத்தை இழுத்தான்.
பெஞ்சமின் திரும்பி முறைத்தான்.
முன்வரிசையிலிருந்து கடற்கரை மதில்வரை
அத்தனை வாயும் அதே இடத்தில் இறங்கி நின்றது.
ஜெசிந்தா மட்டும் இரண்டு சொல் முன்னுக்குப் போய்விட்டாள்.
நின்றாள். மைக்கைச் சற்று விலக்கினாள்.
திரும்பி வந்து
அவர்களோடு பள்ளத்தில் இறங்கினாள்.

மேடைக்குப் பின்னால் பெஞ்சமின் கத்தினான்:
“அது எங்கட பாட்டில்லையடா!”
“கசெற்றில அப்பிடித்தானே அண்ணை இருக்கு,” என்றான் பெடியன்,
குச்சிகளைத் துடைத்துக்கொண்டே.
சூசைதாசன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அன்றிரவு எழுதினேன்:
முத்தவெளி. ஜெனரேற்றர், டீசல் நாலாயிரம்.
இடியப்பம் நூற்றிருபது, சொதி.
றம்ஸ் பெடியனுக்கு இரண்டாயிரம்.
பெடல் சுற்றினவர்களுக்கு: பாக்கி.